அக்கரைக்கு மட்டும் காசு

வெள்ளி, ரயிலும் படகும்

என் வீட்டுக்காரர் முப்பத்து மூன்று வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். ஆனால் ஒரு வெளிநாட்டையும் பார்த்ததில்லை. கப்பல் என்று நான் சொல்வது பினாங்கு ஃபெரியை. பாகான் என்று நாங்கள் சொல்கிற பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு, தீவிலிருந்து பாகானுக்கு, இருபது நிமிஷக் கடல். 1977இல் கயிறு இழுக்கிற ஆளாகச் சேர்ந்தார், 2010இல் ஓய்வு பெற்றார். அப்புறம் மகள் இருக்கும் கோலாலம்பூர் செந்தூலுக்கு இருவருமாக வந்துவிட்டோம். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

தலைத் திவசம் போன வாரம் வீட்டிலேயே முடிந்தது. பேப்பரில் நினைவஞ்சலி போடலாம் என்றான் மகன். படம், தோற்றம், மறைவு, கீழே நாலு வரி. அச்சாகி வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பக்கத்துக் கட்டத்தில் இருந்தவருக்கும் அதே பாசம், அதே பண்பு, அதே புன்சிரிப்பு. படத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தாங்கவில்லை. இவர் அப்படிப் பொதுவான மனுஷன் இல்லையே.

சரி, நாமே எழுதுவோம் என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தால், அவர் என்னிடம் பேசிய பேச்சு ஒரு பக்கம் தேறவில்லை. வீட்டில் அவர் அப்படி. "சாப்பிடறீங்களா?" "ம்." "மழை வரும்போல இருக்கே." "வரும்." அவ்வளவுதான் எங்கள் உரையாடல். ஆனால் ஃபெரியில் கூட வேலை பார்த்தவர்கள் யாரைப் பார்த்தாலும், "அவர் இருந்தா பொழுது போறதே தெரியாதும்மா, என்னமா பேசுவாரு" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ரொம்ப நாளாக ஓர் எரிச்சல் உண்டு. வெளியே எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, வீட்டுக்குக் காலி டப்பாவாக வருகிற ஆளா இவர்? அந்தப் பேச்சில் என் பங்கைக் கேட்டு வாங்கத்தான் பினாங்கு போகிறேன்.

மகளுக்கு இஷ்டமில்லை. "தனியா ஏன்மா, லீவு போட்டு நான் காரில் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் கூட வந்தால் அந்தக் கிழவர்கள் மரியாதையாக உட்கார்ந்து, "அப்பா தங்கமானவரு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் தனியாகவே கேஎல் சென்ட்ரலில் ஏறிவிட்டேன்.

2015இலிருந்து இந்த மின்சார ரயில் பட்டர்வொர்த் வரை ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முன்பெல்லாம் ராத்திரி ஏறினால் விடிந்துதான் ஊர். ஈப்போ வரை தூங்கினேன். தைப்பிங் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரி வரும். தண்டவாளம் ஏரிக்கு நடுவே போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். பேரப்பிள்ளைகள் "கடல், கடல்" என்று குதிப்பார்கள். அவர் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆழம் இல்ல" என்பார். எப்போது போனாலும் இதே வார்த்தைதான். அதற்குப் பிறகு பட்டர்வொர்த் வரை வாய் திறக்க மாட்டார்.

ரயிலை விட்டு இறங்கி நடந்தே ஃபெரிக்குப் போய்விடலாம். இப்போது ஓடுவது 2023 ஆகஸ்டில் விட்ட புதுப் படகுகள். ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தான் ஏறலாம், காருக்கு இடமில்லை. பழைய ஃபெரிகளுக்குத் தீவுகளின் பெயர் வைத்திருந்தார்கள்: புலாவ் அங்சா, புலாவ் காப்பாஸ், புலாவ் ரீமாவ், புலாவ் உண்டான். புதியவற்றுக்குத் தெலுக் பஹாங், தெலுக் கும்பார் என்று குடாக்களின் பெயர். பழையவை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றன. கடைசி ஓட்டத்தைச் செந்தூல் வீட்டில் உட்கார்ந்து மகளின் போனில் பார்த்தார். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கயிறு சரியாப் போடல" என்றார்.

எங்கள் கதை ஆரம்பித்ததும் இந்தத் தண்ணீரில்தான். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்ததும், பாகான் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் சேர்ந்தது 1979இல். விடியற்காலை ஃபெரி, அக்கரையில் கம்பெனி பஸ். பாலம் அப்போது இல்லை, அது 1985இல்தான் திறந்தது. ஃபெரியில் தீவுக்குப் போகத்தான் காசு வாங்குவார்கள், திரும்பி வருவது சும்மா. தீவுக்குப் போனவர்கள் எப்படியும் வந்துதானே ஆக வேண்டும்!

மேல்தளத்தில் நான் உட்கார்கிற பெஞ்சுக்குப் பக்கத்துக் கம்பியில் ஒரு கொக்கி இருந்தது. ஒரு நாள் காலை அதில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே (டீ) தொங்கியது. கழுத்தில் சிவப்பு ராஃபியா கயிற்றுச் சுருக்கு, ஒரு பக்கம் ஸ்ட்ரா, தொட்டால் சுடுகிறது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நான் தொடவில்லை. மறுநாளும் தொங்கியது, அதற்கு மறுநாளும். கீழே கார் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற நெட்டையான ஆள் ஒருவர் மேலே பார்ப்பார், நான் பார்த்தால் குனிந்துகொள்வார். பல வாரம் அது அப்படியே தொங்கி ஆறிப்போனது. ஒரு மழைநாளில் குளிர் தாங்காமல் எடுத்துக் குடித்தேன். இறங்கும்போது படிக்கட்டில் நின்று, "இனிப்பு போதுமா?" என்றார்.

காதல் வசனம் என்று எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். 1982இல் கல்யாணம்.

சனி, ஜார்ஜ்டவுன்

லெபு பாசார் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கே துணிக்கடை ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. 2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தைப் பட்டியலில் சேர்த்த பிறகு கூட்டம் கூடிவிட்டது. சுவரோவியங்களும் வந்துவிட்டன, அவற்றுக்கு முன்னால் படம் பிடிக்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

லெபு குவீன் மகா மாரியம்மன் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை. 1833இல் எழுந்த கோயில் இது. அவருடைய தாத்தா துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்கியவர். சம்பள நாளில் அவர் நேரே இந்தக் கோயிலுக்கு வந்து சூடம் ஏற்றுவாராம். இவருக்கு அவ்வளவு பக்தியெல்லாம் கிடையாது. தைப்பூசத்துக்குப் பாகான் சனமே தீவுக்குக் கிளம்பும். காவடியும் பால்குடமும் பிள்ளைகுட்டியுமாக அத்தனை பேரையும் கரை சேர்த்தவர், வெள்ளி ரதம் போவதை ஒரு வருஷம்கூட நின்று பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் டபுள் ஷிப்ட். கேட்டால், "எல்லாரும் பார்த்துட்டு வந்து சொல்றாங்கல்ல" என்பார்.

மதியம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடி போலத் தோளில் தடி வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கொண்டுவந்து விற்ற சாப்பாடு. இப்போது ஏசி கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இவர் "பஞ்சிர்" என்று சொல்லிச் சோறே தெரியாத அளவுக்கு எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்வார். எனக்கு அது பிடிக்காது, இன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொல்லி வாங்கினேன். பாதியைத்தான் சாப்பிட முடிந்தது.

கொடிமலைக்குப் போகலாம் என்று நினைத்தேன். 1923இலிருந்து ஓடுகிற மலை ரயில் அது. டிக்கெட் வரிசையைப் பார்த்ததும் திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

ஞாயிறு, ஜெலுத்தோங்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

செராங் அண்ணன் வீடு அடுக்குமாடியில் மேலே. படகை ஓட்டியவர், இவருக்கு எட்டு வயது மூத்தவர். இன்னொருவரையும் வரவழைத்திருந்தார், எஞ்சின் ரூமில் இருந்த மலாய்க்கார அபாங். முப்பது வருஷம் எஞ்சினோடு இருந்ததில் அவருக்குக் காது போய்விட்டது. அதனால் அந்த வீட்டில் எல்லாருமே கத்தித்தான் பேசினார்கள். அண்ணி நண்டுக் குழம்பு வைத்திருந்தார்.

உட்கார்ந்ததும் அண்ணன் ஆரம்பித்தது ஒரு புகாரை. "அஸ்தியக் கிள்ளான்ல கரைச்சிட்டீங்களே தங்கச்சி. நம்ம கடல்ல இல்ல போட்டிருக்கணும்?"

"அதுவும் மலாக்கா நீரிணைதானே அண்ணே."

"நீரிணை ஒண்ணுதான். நீரோட்டம் பார்க்க வேணாமா?"

அபாங்குக்கு இதை மலாயில் கத்திச் சொன்னதும் இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. குழம்புக் கையாலேயே மேசையில் வரைபடம் போட்டார்கள். இந்த நீரிணையில் மேல் தண்ணீர் பெரும்பாலும் வடமேற்கே ஓடும். கிள்ளானுக்கு வடமேற்கேதான் பினாங்கு. கடைசியில் அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்: "சரி, விடுங்க. வந்திருப்பான்."

அப்புறம்தான் பேச்சு வந்தது. நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். எஸ்டேட்டிலிருந்து முதல் தடவை வருகிறவர்களிடம், "நடுக்கடல்ல பாஸ்போர்ட் பார்ப்பாங்க, எடுத்து வச்சுக்கங்க" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாராம். ஒரு தாத்தா பயந்துபோய் வேட்டி மடிப்பிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, கரை சேரும் வரை தூக்கிப் பிடித்திருந்தாராம். கரையில் வண்டி கிளம்பாமல் நின்றுவிட்டால், பின்னால் ஹாரன் அடிக்கிற கார்க்காரர்களிடம் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்க் கதை சொல்லிக் கோபத்தை ஆற்றுவாராம். கதைதான் எப்போதும் ஒன்று: அவருடைய மாமனார் கார் வாங்கிய கதை. என் அப்பா சாகும்வரை சைக்கிளில் போனவர்.

"என் அப்பாகிட்ட ஏது அண்ணே காரு?"

"எங்களுக்குத் தெரியுமா? மோரிஸ் மைனர், பச்சைக் கலர்னு சொன்னான்."

அபாங்குக்கு வேறொரு நினைவு. எஞ்சின் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. இவர் மட்டும் ஓய்வு நேரத்தில் கீழே இறங்கி வந்து, காதோடு வாயை வைத்துக் கத்திக் கத்தி ஊர்க்கதை சொல்வாராம். "மற்றவர்கள் மேலே காற்று வாங்கப் போவார்கள். அவன் மட்டும் அந்தச் சூட்டுக்குள் வருவான்" என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

பிறகு அண்ணன், "சீனக் கிழவி கதை உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

எந்தக் கிழவி?

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆரஞ்சுக் கிழவிம்மா."

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. குவான் யின் என்கிற சீன அம்மன் விழாவும், புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவும் சேர்ந்து வந்ததில் பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். மாலையில் மேல்தளம் ஆட்களோடு இடிந்து, கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,634 பேருக்குக் காயம். அந்த வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு இந்த எண்கள் இன்னும் மனப்பாடம்.

எங்கள் வீடு முனையத்துக்குப் பக்கம்தான். அன்று அவருக்கு லீவு. சேதி கேட்டதும் சட்டைகூடப் போடாமல் ஓடினார். மகனுக்கு மூன்று வயது, நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். ராத்திரி வரவில்லை. விடிந்த பிறகு வெறுங்காலோடு வந்து, "சோறு இருக்கா?" என்றார். சாப்பிட்டார், படுத்தார், மறுநாள் வரை எழவில்லை. அதன் பிறகு நான் எத்தனை விதமாகக் கேட்டும், "என்னத்தச் சொல்ல" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

அண்ணன் சொன்னது இது. உள்ளே போனவர்களில் இவரும் ஒருவர். ஒரு சீனக் கிழவி, கான்கிரீட் பலகைக்கும் இரும்புக்கும் நடுவே இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தாள். தூக்க முடியாது, இயந்திரம் வர வேண்டும். கிழவி கண்ணை மூடப் பார்க்கிறாள். தூங்க விடாதே, பேச்சுக் கொடு என்று யாரோ தீயணைப்புக்காரர் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். இவர் ரப்பர் செருப்பைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கிழவியின் தலைக்கு அடியில் சொருகினார். பிறகு பக்கத்தில் குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவளுக்கு ஹொக்கியன் என்கிற சீன மொழி தவிர எதுவும் தெரியாது. இவருக்கு மீன் மார்க்கெட் ஹொக்கியன் வரும். அதை வைத்துக்கொண்டு, இயந்திரம் வரும்வரை வாய் ஓயாமல் பேசினாராம். நடுவில் அண்ணன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது குரல் கட்டி, சத்தமே வரவில்லை. அப்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம்.

கிழவி பிழைத்துக்கொண்டாள். கால் ஒன்று சரியாகவில்லை. அடுத்த சீனப் பெருநாளுக்குத் தடி ஊன்றிக்கொண்டு, மகனோடு ஃபெரிக்கு வந்து ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தாள். அதற்கு அடுத்த வருஷமும் கொடுத்தாள். அதற்கப்புறம் ஒரு வருஷமும் தப்பியதில்லை.

அந்த ஆரஞ்சுகளை நான் தின்றிருக்கிறேன்! சிவப்புத் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, இலையோடு கூடிய சின்ன ஆரஞ்சு. "யார் குடுத்தா?" என்றால், "ஒரு பேசஞ்சர்." அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது நான்தான்.

"ஓய்வு வாங்கினப்புறம் ஆரஞ்சு நின்னுடுச்சே அண்ணே?"

செராங் அண்ணன் கூரையைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தார்.

"எங்க நின்னுச்சு? கிழவி போனப்புறமும் மகன் கொண்டுவந்தான். உங்க வீட்டுக்காரன் கேஎல் போயிட்டான். திருப்பி அனுப்புனா மரியாதையா இருக்காதேன்னு..."

"வருஷா வருஷம் இவரே தின்னாரு தங்கச்சி" என்றார் அண்ணி. "சர்க்கரை வியாதியோட."

திங்கள், தண்ணீர்மலையும் ஒரு கடையும்

காலையில் தண்ணீர்மலை. 2012இல் குடமுழுக்கு நடந்த மேல்கோயிலுக்கு 513 படி. என் முட்டிக்கு அது நடக்காது. அடிவாரத்திலேயே கும்பிட்டேன். திரும்பும் வழியில் குரங்கு ஒன்று அர்ச்சனை வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது. அவர் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், ஃபெரியில் போய் மட்டும் அதை அரை மணி நேரக் கதையாக்கியிருப்பார். அதை நினைத்ததும் இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

கிழவியின் மகன் ஜார்ஜ்டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார் என்று அண்ணன் விலாசம் கொடுத்திருந்தார். முன்பக்கம் முழுக்க வாளிகளும் குழாய்களும் தொங்குகிற பழைய கடைவீடு. கல்லாவில் அறுபது தாண்டிய மனிதர், பனியனோடு உட்கார்ந்திருந்தார். யார் என்று மலாயில் சொன்னேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இவர் போய்விட்ட சேதி அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால் கிழவி எப்போதும் ஒன்றைத்தான் சொல்வாளாம்: "நான் நிம்மதியாகச் செத்திருப்பேன். அந்தத் தமிழ்ப் பையன் வாயை மூடவில்லை."

எனக்கு ஒரு கேள்விதான். என்ன பேசினார்?

அவர் விரல் விட்டுச் சொன்னார். கெம்போங் மீன், வாவல் மீன் விலை. எந்த ஃபெரிக்கு எஞ்சின் சரியில்லை. மாமனாருடைய பச்சை மோரிஸ் மைனர். எல்லாம் தீர்ந்ததும் பெண்டாட்டியைப் பற்றியாம். வீட்டில் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், தொழிற்சாலைக் கதை, பக்கத்து வீட்டுக் கதை, பிள்ளை கதை, இடைவெளியே கிடைக்காது, நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அந்த நேரம்தான் எனக்குப் பிடிக்கும், நீங்களும் அந்த மாதிரி இப்போது சும்மா கேட்டுக்கொண்டு கிடங்கள் என்றாராம்.

"நானா?" என்றேன். "நான் அதிகமா பேசறவளே இல்லையே!"

அப்படி விட்டுவிட முடியுமா? 1979இலிருந்து ஆரம்பித்து, தே தொங்கிய கொக்கி, அப்பாவின் சைக்கிள், அடுப்படியில் யார் எவ்வளவு பேசினோம் என்பதை எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டார். ஆணி வாங்க வந்த ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, தானே தராசில் நிறுத்து, தாளில் பொட்டலம் கட்டி, காசைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார்.